கழற்றி மாட்டும் பின் இருக்கை வாங்கும் முன், பெல்ட் எங்கே பிடித்திருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி இதுதான்: நான்கு பேர் அமரும் பழைய ஒற்றை இன்ஜின் விமானம். பெரும்பாலும் முன்னால் இரண்டு பேர்தான் பறக்கிறார்கள். பின்னால் கூடாரம், மடக்கு சைக்கிள், சில சமயம் நாய். எப்போதாவது இரண்டு குழந்தைகளும் உடன் வருவார்கள். இப்போது இருக்கும் கனமான பெஞ்ச் இருக்கைக்குப் பதிலாகச் சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய இருக்கை போடலாமா? போட்டால் ஒரே பெஞ்சா, தனித்தனியாக இரண்டா, அல்லது குழாய்ச் சட்டத்தில் கேன்வாஸ் கட்டிய இலேசான துணி இருக்கையா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மாடலுக்கு உற்பத்தியாளரே தனித்தனிப் பின் இருக்கைகளை விருப்பத் தேர்வாகக் கொடுத்திருந்தால், அல்லது அதற்கென்று அங்கீகாரம் பெற்ற மாற்றுத் தொகுப்பு சந்தையில் இருந்தால், தனித்தனி இரண்டையே எடுங்கள். இரண்டுமே இல்லையென்றால் இருக்கும் பெஞ்சையே வைத்துக்கொண்டு, அதைக் கழற்றுவதை எளிதாக்கும் வழியைப் பாருங்கள். துணி இருக்கை குழந்தைகளுக்கு வேண்டாம். இந்த முடிவுக்கு வருவதற்கான காரணங்கள்தான் முக்கியம். உங்கள் விமானம் எந்த வகை என்று தெரியாத நிலையில், அந்தக் காரணங்களை வைத்து நீங்களே முடிவெடுக்க முடியும்.

இருக்கை தேடுபவர்கள் பெரும்பாலும் எடை, விலை, தோல் உறையின் நிறம் என்ற வரிசையில் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது இடுப்பு பெல்ட்டின் முனை எங்கே போய் முடிகிறது என்பதைத்தான். குனிந்து, தரை விரிப்பைத் தூக்கி, கையால் தடவிப் பாருங்கள். சில விமானங்களில் பெல்ட் நேராகத் தரையிலோ பக்கச் சுவரிலோ உள்ள விமானத்தின் எலும்புக்கூட்டில் போல்ட் போடப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் பெல்ட் இருக்கையின் ஃபிரேமிலேயே மாட்டப்பட்டிருக்கும். பார்வைக்குச் சின்ன வித்தியாசம். ஆனால் கழற்றி மாட்டும் இருக்கையில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

பெல்ட் விமானத்தின் உடலோடு இணைந்திருந்தால், மோதலின்போது முன்னோக்கிப் பாயும் மனிதரைப் பிடித்து நிறுத்துவது அந்த உடல். இருக்கை தன் சொந்த எடையை அடக்கிக்கொண்டு, மேலே உட்கார்ந்திருப்பவரைக் கீழே விடாமல் தாங்கினால் போதும். அப்படிப்பட்ட இருக்கையைக் கழற்றினால் பெல்ட் அங்கேயே கிடக்கும். திரும்ப மாட்டும்போது பெல்ட்டின் பிடிப்பில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். பெல்ட் இருக்கையில் இருந்தாலோ, அந்த முழு விசையும் பெல்ட்டிலிருந்து ஃபிரேமுக்கும், ஃபிரேமிலிருந்து கால்களுக்கும், கால்களிலிருந்து நீங்கள் விரலால் அழுத்திப் பூட்டிய அந்தப் பூட்டு ஊசிகளுக்கும், அங்கிருந்து தரைக்கும் போகிறது. கடைசியாகக் கழற்றி மாட்டியவர் ஒரு ஊசியைச் சரியாக உட்காரவிடவில்லை என்றால் சங்கிலி அங்கே அறுந்துவிடும்.

அந்த விசை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். இன்று பறக்கும் பழைய சிறு விமானங்களில் பெரும்பாலானவை அமெரிக்க விதிகளின்கீழ் சான்று பெற்றவை. அந்த விதிகளில் முன்னோக்கிய நிலைவிசை (மோதாமல், நிலையாகச் சுமத்திக் கணக்கிடும் விசை) வரம்பு 9 ஜி, அதாவது எடையைப் போல் 9 மடங்கு. பயணியின் எடை 170 பவுண்டு, அதாவது சுமார் 77 கிலோ என்று வைத்துத்தான் அன்று கணக்கிட்டார்கள். 170-ஐ 9-ஆல் பெருக்கினால் 1,530 பவுண்டு. இருக்கையும் பெல்ட்டும் உடலோடு சேரும் இணைப்புகளுக்கு மட்டும் இதன்மேல் 1.33 மடங்கு கூடுதல் பலம் கேட்கிறது விதி. ஆக, சுமார் 2,035 பவுண்டு. கிட்டத்தட்ட 920 கிலோ. அதுவும் ஒரே ஒருவருக்கு. பெஞ்சில் இரண்டு பேர் இருந்தால் இரு மடங்கு. 220 பவுண்டு எடையுள்ள ஒருவர் பின்னால் உட்கார்ந்தால் 9 ஜி-யில் அவர் ஒருவரே 1,980 பவுண்டு இழுப்பார். இணைப்பில் கூடுதலாக வைத்திருந்த பலம் ஏறக்குறைய முழுவதும் அவருக்கே போய்விடுகிறது. பட்டறையில் பார்த்துப் பழகிய சாதாரண போல்ட்டையும் கையால் வளைத்த எல் வடிவத் தகட்டையும் வைத்து இந்த விசையைத் தாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

9 ஜி என்பது பழைய அளவுகோல். 1988-இல் அமெரிக்கச் சிறு விமான விதிகளில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. புதிதாகச் சான்று பெறும் விமானங்களின் இருக்கைகளை, பொம்மை மனிதரை உட்காரவைத்து, உண்மையாகவே மோதிப் பார்க்க வேண்டும் என்றார்கள். முன் வரிசைக்கு முன்னோக்கிய சோதனையில் உச்சம் 26 ஜி, பின் வரிசைகளுக்கு 21 ஜி. கீழ்நோக்கிய சோதனையில் முன் வரிசைக்கு 19 ஜி, பின்னால் 15 ஜி. முன்னோக்கிய சோதனைக்கு முன் தரையையே திருகி வளைத்துவிடுவார்கள், ஏனென்றால் நிஜ விபத்தில் தரை நேராக இருக்காது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் விழும் அழுத்தம் 1,500 பவுண்டைத் தாண்டக் கூடாது என்றும் ஒரு வரம்பு வைத்தார்கள்.

இதில் உங்களுக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. உங்கள் விமானம் அதற்கு முந்தைய விதிகளில் சான்று பெற்றிருந்தால், மாற்று இருக்கை அந்தப் பழைய தகுதியை எட்டினாலே சட்டப்படி போதும். ஆனால் விமானம் புதிய விதியில் வந்ததென்றால், அதே குடும்பத்தின் பழைய மாடலிலிருந்து இலேசான இருக்கையைக் கழற்றிக்கொண்டு வந்து போட முடியாது. 1996-இல் செஸ்னா மீண்டும் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து வந்த 172-கள் பார்வைக்குப் பழைய 172 போலவே இருந்தாலும் அவற்றின் இருக்கைகள் வேறு. எடை கூடுதலாக இருப்பதற்கும் அதுதான் காரணம். அந்தக் கூடுதல் எடையை வீண் சுமை என்று நினைத்துவிடாதீர்கள்.

அங்கீகாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டே ஆக வேண்டும். அமெரிக்க விதிப்படி, அந்த விமானத்துக்கு ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட இருக்கையையோ இருக்கைப் பாகத்தையோ மாற்றிப் போடுவது, முதன்மைக் கட்டமைப்பைப் பிரிக்காத வரையில், விமானி உரிமையாளரே செய்யக்கூடிய தடுப்புப் பராமரிப்பு. செய்துவிட்டு லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆனால் பட்டியலில் இல்லாத இருக்கையைப் போடுவது மாற்றியமைத்தல் ஆகிவிடும். அதற்கு எஸ்டிசி எனப்படும் துணைச் சான்றிதழோ, அதிகார அமைப்பு ஒப்புக்கொண்ட பொறியியல் தரவோ வேண்டும். இருக்கையில் டிஎஸ்ஓ (விமானப் பாகங்களுக்கான அமெரிக்கத் தர அங்கீகாரம்) முத்திரை இருக்கிறதே என்று விற்பவர் சொல்வார். சி39 என்பது நிலைவிசைச் சோதனைக்கான தரம், சி127 மோதல் சோதனைக்கானது. அந்த முத்திரை, இருக்கை தனியாக ஒரு தரத்தை எட்டியது என்று சொல்கிறது. உங்கள் விமானத்தின் தரை அதைப் பிடித்துக்கொள்ளுமா என்று அது சொல்லாது.

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. பாகங்களின் கையேட்டில் இருக்கையின் பாக எண் உங்கள் மாடலுக்கு நேரே இருந்தால் மட்டும் போதாது, வரிசை எண் வரம்பையும் பாருங்கள். ஒரே மாடலில் ஒரு வருடம் இருக்கை நகரும் ரெயில் வைத்திருப்பார்கள், அடுத்த வருடம் தரையில் நிலையான கொக்கி வைத்திருப்பார்கள். இருக்கை வெளியே பார்க்க அச்சு அசலாக இருக்கும். கால் மட்டும் உட்காராது.

உற்பத்தியாளர்களே கழற்றுவதற்கென்று வடிவமைத்த விமானங்களைப் பார்த்தால் எது நன்றாக வேலை செய்கிறது என்று தெரியும். பைப்பர் செரோக்கி 140, 1964-இல் பயிற்சிக்கான இரண்டு இருக்கை விமானமாக வந்தது. பின்னால் பொருத்தும் சிறிய இருக்கைகள் விருப்பத் தேர்வாகக் கிடைத்தன. செரோக்கி சிக்ஸும் செஸ்னா 206-உம் பாதி நாள் சரக்கும் பாதி நாள் ஆட்களும் ஏற்றுவதற்கென்றே பிறந்தவை. பெரிய பின் கதவு, எளிதாகக் கழலும் தனி இருக்கைகள், சரக்கு கட்டுவதற்கான வளையங்கள் எல்லாம் சேர்ந்தே வந்தன. சிரஸ் எஸ்ஆர்22-இன் பிந்தைய மாடல்களில் பின் இருக்கையின் முதுகு 60/40 ஆகப் பிரிந்து மடியும். நீங்கள் கேட்டதற்கு நேரடியாகப் பொருந்தும் சிந்தனை அது: ஒரு குழந்தையை உட்காரவைத்துக்கொண்டே பக்கத்தில் நீளமான பொருளை வைக்கலாம்.

தனித்தனி இருக்கைகள் எனக்குப் பிடிப்பதற்கும் அதுதான் காரணம். மூன்று பேர் போகும் நாளில் ஒன்றை மட்டும் கழற்றலாம். ஒவ்வொன்றும் தூக்க இலேசு. குறுகிய கேபினுக்குள் முதுகை வளைத்து நின்று, பெரிய பெஞ்சைக் கதவு வழியாகச் சாய்த்து எடுக்கும்போது ஜன்னலின் அக்ரிலிக்கில் கீறல் விழுவது குறையும். ஒரு குறைபாடும் உண்டு. இரண்டு இருக்கைகளின் மொத்த எடை ஒரே பெஞ்சை விடப் பெரும்பாலும் கூடும், ஏனென்றால் ஃபிரேமும் கால்களும் இரட்டிப்பாகின்றன. எடையைக் குறைக்கத்தான் இதைச் செய்கிறீர்கள் என்றால் பெஞ்சே மேல்.

இனி எடை. இருக்கையின் எடையை மட்டும் பார்க்காமல் அது எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு மாதிரிக் கணக்கு: வெற்று எடை 1,500 பவுண்டு, ஈர்ப்பு மையம் 39 அங்குலத்தில் (தூரங்கள் எல்லாம் கையேடு குறிக்கும் ஓர் ஆரம்பக் கோட்டிலிருந்து). மொமென்ட், அதாவது எடையைத் தூரத்தால் பெருக்கியது, 58,500. இதிலிருந்து 80 அங்குலத்தில் உள்ள 25 பவுண்டு பெஞ்சைக் கழற்றினால் 2,000 குறையும். மீதி 1,475 பவுண்டு, மொமென்ட் 56,500. புதிய மையம் 38.3 அங்குலம். அதாவது 0.7 அங்குலம் முன்னால் வந்துவிட்டது. பெரிய மாற்றமாகத் தெரியாது. ஆனால் செஸ்னா 182 போன்ற விமானம் இயல்பிலேயே மூக்கு கனத்தது. முன்னால் கனமான இரண்டு பேர், பின்னால் ஒன்றுமில்லை, இருக்கையும் இல்லை என்றால், தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க அதிக இழுப்பு தேவைப்படும். மூக்குச் சக்கரம் முதலில் தரையில் அடிக்கும் அபாயம் கூடும். வி வடிவ வால் கொண்ட பீச்கிராஃப்ட் பொனான்சாவில் நிலைமை தலைகீழ். அதில் மையத்தின் பின் வரம்புதான் தொல்லை. எரிபொருள் தீரத் தீர மையம் பின்னால் நகரும் என்பதால், புறப்படும்போது சரியாக இருந்தது இறங்கும்போது வரம்பைத் தாண்டியிருக்கக்கூடும். அங்கே பின்னால் எடை குறைவது உதவி.

இருக்கையின் எடையை விட, அது போன இடத்தில் நீங்கள் வைக்கும் சாமான் எங்கே இருக்கிறது என்பது இன்னும் அதிகமாகக் கணக்கை மாற்றும். 150 பவுண்டு சாமானைப் பின் பயணிகள் உட்காரும் இடமான 73 அங்குலத்தில் வைக்காமல், வசதிக்காகப் பின்னால் தள்ளி 95 அங்குலத்தில் வைத்தால் மொமென்ட் 3,300 கூடும். மொத்த எடை 2,200 பவுண்டு என்றால் மையம் ஒன்றரை அங்குலம் பின்னால் போகிறது. இருக்கையைக் கழற்றியதால் வந்த மாற்றத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல், அதுவும் எதிர்த் திசையில். ஆகவே தரையில் ஒவ்வொரு கட்டும் வளையத்தின் தூரத்தையும் ஒருமுறை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் கணக்கு நிஜமாக இருக்கும். தரை ஒரு சதுர அடிக்கு எவ்வளவு தாங்கும் என்பதையும் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

மெக்கானிக்கிடம் எடைச் சமநிலைத் தாளை இரண்டாகத் தயாரிக்கச் சொல்லுங்கள்: இருக்கை உள்ளே, இருக்கை வெளியே. தனித்தனி இருக்கை என்றால் ஒன்று மட்டும் வெளியே என்ற மூன்றாவது தாளும். உபகரணப் பட்டியலில் இருக்கையின் எடையும் தூரமும் பதிவாகியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓடுபாதை ஓரத்தில் நின்று பேனாவால் புதிதாகக் கணக்குப் போடும் நிலை வரக் கூடாது. புது இருக்கையின் எடை என்று விற்பவர் சொன்ன எண்ணை எழுதாதீர்கள். உறை, ஃபோம், பெல்ட் எல்லாம் சேர்த்துத் தராசில் வைத்துப் பாருங்கள்.

பின் இருக்கையின் முதுகு செய்யும் ஒரு வேலையைப் பலர் கவனிப்பதில்லை. பல விமானங்களில் லக்கேஜுக்கும் மனிதர்களுக்கும் நடுவே இருக்கும் ஒரே தடுப்பு அதுதான். அதைக் கழற்றியதும் பின்னால் உள்ள எல்லாமே நேராக விமானியின் பிடரியை நோக்கி வரும் பாதையில் இருக்கின்றன. 150 பவுண்டு சாமான் 9 ஜி-யில் 1,350 பவுண்டு விசையோடு வரும். வீட்டுச் சாமான் கட்டும் எலாஸ்டிக் கயிறு இதற்கு ஒன்றுக்கும் உதவாது. மாலை வெயிலில் காற்றுக் குலுக்கலுக்கு வேண்டுமானால் போதும். விமானத்தின் கட்டமைப்பில் பொருந்தும் வலையும், ராட்செட் பட்டையும், அவற்றைப் பிடிக்க அங்கீகரிக்கப்பட்ட வளையங்களும் வேண்டும். இருக்கை வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குங்கள் என்பேன். வலை இல்லாமல் கழற்றும் இருக்கை வாங்குவது பாதி வேலை. நாய் வருகிறதென்றால் அதற்கும் ஹார்னஸ் போட்டு அதே வளையங்களில் கட்டுங்கள். பெரிய நாய் முப்பது கிலோ சாமான்தான், தானாக நகரும் சாமான்.

இருக்கை போன பிறகு தரையில் என்ன தெரிகிறது என்றும் பாருங்கள். பழைய பிஏ-28 (பைப்பர் செரோக்கி குடும்பம்) பலவற்றில் பேட்டரியே பின் இருக்கைக்கு அடியில்தான் இருக்கிறது. அதற்கு மூடி இருக்க வேண்டும், அதன்மேல் உலோகச் சாமான் உட்காரக் கூடாது. ஆய்வுத் துளைகளும் தரைப் பலகையின் இடைவெளிகளும் திறந்து கிடந்தால், அடியில் ஓடும் கட்டுப்பாட்டு கேபிளுக்குள் ஒரு திருகாணியோ பேனாவோ விழுந்து சிக்கிக்கொள்ளும். மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் கேபிளின் கப்பியில் ஒரு பேனா மாட்டினால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

பூட்டும் முறைக்கு வருவோம். கருவியே இல்லாமல் கழற்றலாம் என்று விளம்பரப்படுத்துவார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பூட்டியிருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். விரிப்புக்கு அடியில் மறைந்து, க்ளிக் சத்தத்தை மட்டும் நம்பச் சொல்லும் பூட்டை நான் எடுக்க மாட்டேன். பந்துப் பூட்டு ஊசி (முனையில் சிறு உருண்டைகள் புடைத்துப் பிடிக்கும் ஊசி) வைத்த வகை என்றால் ஒவ்வொரு ஊசியும் சிறு கம்பிக் கயிற்றால் இருக்கையோடு கட்டப்பட்டிருக்கட்டும், இல்லையென்றால் சீக்கிரமே ஒன்று தொலையும், அந்த இடத்தில் யாரோ ஒரு சாதாரண போல்ட்டைச் செருகுவார்கள். அடிக்கடி கழற்றி மாட்டும் இருக்கையில் துளைகள் நீள்வட்டமாகத் தேயும். இருக்கையைப் பிடித்து ஆட்டினால் லொடலொட என்று சத்தம் வருவது அந்தத் தேய்மானத்தின் முதல் அறிகுறி.

தேய்ந்த துளை எவ்வளவு ஆபத்தானது என்பதற்குச் செஸ்னாவின் வரலாறே சாட்சி. முன் இருக்கையின் பூட்டு ஊசி ரெயிலின் துளையில் சரியாகப் பிடிக்காமல், புறப்பாட்டின் வேகத்தில் இருக்கை பின்னால் சறுக்கி, விமானியின் கை கட்டுப்பாட்டுத் தடியை இழுத்துக்கொண்டே போன விபத்துகள் நடந்தன. அதனால்தான் 150 முதல் 210 வரை ஏராளமான மாடல்களுக்கு இருக்கை ரெயில்களைத் திரும்பத் திரும்பச் சோதிக்கச் சொல்லும் கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு வந்தது. 2011-இல் புதுப்பிக்கப்பட்ட அந்த உத்தரவின்படி 100 மணி நேரப் பறப்புக்கோ 12 மாதத்துக்கோ ஒருமுறை பார்க்க வேண்டும். பின் இருக்கை சறுக்கினால் விமானியின் கை நழுவாதுதான். ஆனால் ரெயிலில் ஓடும் எந்த இருக்கையையும் அதே கண்ணோடு பாருங்கள். மாட்டி முடித்ததும் முன்னால், பின்னால், மேலே என்று மூன்று திசையிலும் பலமாக இழுத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அதைப் புறப்பாட்டுக்கு முந்தைய சோதனைப் பட்டியலில் ஒரு வரியாகவே எழுதிவிடுங்கள்.

கதவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிஏ-28-இல் வலது இறக்கை மேல் ஒரே ஒரு கதவு. பின்னால் இருப்பவர்கள் முன் இருக்கையைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும். தடித்த மெத்தை வைத்த புது இருக்கை முழங்கால் இடத்தை இரண்டு அங்குலம் தின்றுவிட்டால் வெளியேறும் நேரம் கூடும். செஸ்னா 206-இல் பின்புற இரட்டைக் கதவு இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஃப்ளாப் (இறக்கையின் பின் ஓரத்தில் கீழிறங்கும் பலகை) இறங்கிய நிலையில் அந்தக் கதவின் முன்பாதி முழுதாகத் திறக்காது. பின்பாதியை எப்படித் திறப்பது என்று பின்னால் உட்காருபவருக்கு ஒவ்வொரு முறையும் காட்ட வேண்டும். எந்த விமானமாக இருந்தாலும், புது இருக்கையைப் போட்டதும் நீங்களே பின்னால் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வெளியே வந்து பாருங்கள்.

தோள்பட்டை பெல்ட்டைப் பற்றி நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அமெரிக்க விதி 1978 ஜூலைக்குப் பிறகு தயாரான சிறு விமானங்களின் முன் இருக்கைகளுக்கும், 1986 டிசம்பருக்குப் பிறகு தயாரானவற்றின் எல்லா இருக்கைகளுக்கும் தோள்பட்டை பெல்ட்டைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தைய விமானம் என்றால் உங்கள் பின் இருக்கையில் இடுப்பு பெல்ட் மட்டுமே இருக்கலாம். இடுப்பு பெல்ட் மட்டும் என்றால் மோதலில் உடல் இடுப்பில் மடிந்து தலை முன் இருக்கையின் முதுகுக் குழாயில் போய் அடிக்கும். இருக்கை மாற்றும் வேலையில் எப்படியும் உள்புறத்தைத் திறக்கப்போகிறீர்கள். அப்போதே அங்கீகாரம் பெற்ற தோள்பட்டை பெல்ட்டையும் போட்டுவிடுங்கள். அதன் மேல் முனை கூரையிலோ பக்கச் சுவரிலோ உடலோடு பிடிக்கப்பட வேண்டும். தோளிலிருந்து பின்னோக்கிக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக, அல்லது அதிகபட்சம் 30 பாகை மேல்நோக்கிப் போக வேண்டும். தோளை விட நன்றாகத் தாழ்வான இடத்தில் பிடித்தால், இழுக்கும்போது முதுகெலும்பையே கீழ்நோக்கி நசுக்கும். தாழ்ந்த முதுகுள்ள துணி இருக்கையை நான் ஒதுக்குவதற்கு இது ஒரு காரணம். பட்டை தோளில் சரியாகப் படியாது, குழந்தையின் கழுத்தில் ஏறும்.

துணி இருக்கைகளைத் தூற்ற வேண்டும் என்பதில்லை. காட்டுப் பகுதிகளில் கரடுமுரடான தளங்களில் இறங்கும் விமானங்களில் அவை பல காலமாக நன்றாக உழைக்கின்றன. எடை சில பவுண்டுதான், சுருட்டி வாலுக்குள் போட்டுவிடலாம். பெல்ட் விமான உடலில் பிடித்திருந்து, துணியும் தையலும் புதிதாக இருந்தால், எப்போதாவது ஒரு பெரியவர் அரைமணி நேரம் உட்காரப் பிரச்சினை இல்லை. ஆனால் கேன்வாஸும் தையல் நூலும் வெயிலில் சாகும். பார்த்தால் தெரியாது, கையால் கிழித்துப் பார்த்தால்தான் தெரியும். குழந்தைகளுக்கான கார் இருக்கையை அதன்மேல் வைத்து இறுக்கினால், அடியில் கெட்டியான தளம் இல்லாமல் அது ஆடிக்கொண்டே இருக்கும்.

குழந்தைகளின் விஷயத்தில் இன்னும் சில. கார் குழந்தை இருக்கை என்றால் அதில் விமானத்துக்கும் ஏற்றது என்ற அச்சு இருக்கிறதா பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்கானவற்றில் அது சிவப்பு எழுத்தில் இருக்கும். அதைக் கொண்டுபோய் இருக்கையில் வைத்து, இடுப்பு பெல்ட்டால் உண்மையாகவே இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் விமான இருக்கையை வாங்க வேண்டும். குழிந்த பக்கெட் இருக்கையில் அகலமான குழந்தை இருக்கை உட்காராது. இங்கே தட்டையான பெஞ்சுக்கு ஒரு வெற்றி. பெரிய பயணி விமானங்களில் பயன்படும் கேர்ஸ் என்ற ஹார்னஸ் 22 முதல் 44 பவுண்டு வரையுள்ள குழந்தைகளுக்கானது. அதன் பட்டை இருக்கையின் முதுகைச் சுற்றி வர வேண்டும், ஆகவே தடுப்புச் சுவரோடு ஒட்டிய பெஞ்சில் அதைப் போட முடியாமல் போகலாம். லக்கேஜ் பகுதியில் மடக்கு குழந்தை இருக்கை வைக்கும் விருப்பத் தேர்வு பழைய செஸ்னா 172-களில் இருந்தது. அந்தப் பகுதியின் மொத்த வரம்பு 120 பவுண்டு, குழந்தையும் சாமானும் சேர்த்து. அதை இப்போது தேடிப் போட வேண்டாம் என்பது என் கருத்து. மையத்தை மிகவும் பின்னால் இழுக்கும், வெளியேறும் வழியும் தூரம்.

மெத்தையில் எல்லோரும் செய்யும் தவறு, மெத்தென்று தடிமனாக வைப்பது. மென்மையான ஃபோம் மோதலில் முதுகெலும்புக்கு எதிரி. உடல் அதில் அமிழ்ந்துகொண்டே வேகம் பிடித்து, கடைசியில் கெட்டியான தட்டில் போய் அடிக்கும். மெத்தையே இல்லாமல் இருந்திருந்தால் விழுந்திருக்கும் அடியை விட அது பெரிதாக இருக்கும். நாசாவுக்காக 1966-இல் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய, மெதுவாக அமுங்கும் வகை ஃபோமின் வழிவந்தவை இதற்குப் பொருத்தம். மெதுவாக அழுத்தினால் இளகும், திடீரென்று அடித்தால் இறுகும். குளிர்ந்த காலையில் அது கல் போல இருக்கும், உட்கார்ந்து சில நிமிடங்களில் சரியாகிவிடும். சிரஸ் போன்ற விமானங்களில் இருக்கையின் அடியிலேயே நசுங்கி அதிர்ச்சியை வாங்கும் அலுமினியத் தேன்கூட்டு அமைப்பு உண்டு. அதன்மேல் மண்டியிடவோ நிற்கவோ கூடாது என்று கையேடு சொல்கிறது. அடியில் காலி இடம் இருக்கிறதே என்று கருவிப் பெட்டியைத் திணிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். இருக்கை கீழே நசுங்க வேண்டிய இடம் அது.

உறைத் துணிக்கு எரிசோதனைச் சான்று கேளுங்கள். பெரிய விமானங்களுக்கான 12 விநாடி செங்குத்துச் சோதனையில், சுடரை எடுத்த பிறகு 15 விநாடிக்குள் அணைய வேண்டும், எரிந்த நீளம் 8 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பழைய சிறு விமானங்களுக்குச் சட்டம் இவ்வளவு கேட்காவிட்டாலும் அதை எட்டும் துணியும் ஃபோமும் எளிதாகக் கிடைக்கின்றன. வேறு எதையும் போடக் காரணமே இல்லை.

நீங்களே கட்டும் விமானம் என்றால் சுதந்திரம் அதிகம். ஆர்வி-10, பேர்ஹாக், கிளாசேர் ஸ்போர்ட்ஸ்மேன் மூன்றிலும் பின் இருக்கையைக் கழற்றலாம் என்ற எண்ணம் வடிவமைப்பிலேயே இருக்கிறது. அங்கே என் ஒரே வேண்டுகோள், வரைபடத்தில் பெல்ட் எங்கே பிடிக்கப்பட்டிருக்கிறதோ அதை மாற்றாதீர்கள். கார் இருக்கையையோ படகு இருக்கையையோ கொண்டுவந்து வைக்கும் ஆசையையும் விடுங்கள். கார் இருக்கை அநியாயக் கனம். படகு இருக்கை இந்த விசைகளுக்காகச் செய்யப்பட்டதே இல்லை.

பழைய விமானங்களைப் பிரித்து விற்பவர்களிடம் இருக்கை வாங்குவது நல்ல வழிதான், பெரும்பாலும் அங்கீகாரச் சிக்கலும் இருக்காது. ஆனால் அந்த இருக்கை எந்த விமானத்திலிருந்து வந்தது, அந்த விமானம் ஏன் பிரிக்கப்பட்டது என்று கேளுங்கள். மோதலில் இருந்த இருக்கை வெளியே நேராகத் தெரிந்தாலும், குழாய் வெல்டிங்கின் ஓரத்தில் முடி போன்ற விரிசல் இருக்கலாம். உறையை முழுவதும் கழற்றச் சொல்லி, கால்கள் ஃபிரேமோடு சேரும் இடங்களை விளக்கு வைத்துப் பாருங்கள், பெயிண்ட் விரிந்த கோடு தெரிந்தால் வேண்டாம். யாராவது ஏற்கெனவே வெல்டிங் வைத்துச் சரிசெய்திருந்தால் அதற்கான பதிவேடு இருக்க வேண்டும். பாக எண் தகடு, சான்று அட்டை இரண்டும் இல்லாத இருக்கையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் உங்கள் மெக்கானிக் கையெழுத்துப் போட மாட்டார். பெல்ட்டின் லேபிள் கிழிந்தோ மங்கியோ இருந்தால், அந்தப் பெல்ட்டை விலை பேசும்போதே கணக்கில் சேர்க்காதீர்கள். புதுப் பெல்ட்டுக்கு ஆகும் செலவை இருக்கையின் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு, அதன்பிறகு பெஞ்சா தனித்தனியா என்று ஒப்பிடுங்கள்.